எடுக்காத படத்துக்கு ஒரு ரீமேக்

மாவிஸ் கிராண்டலுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். வாக்கியங்கள் இலக்கண சுத்தமாகும். எதிரில் இருப்பவருக்குப் பேச்சு முடிந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் தன்னைத் திட்டியிருக்கிறார்கள் என்பது உறைக்கும். மூச்சுக்கு மூச்சு "அற்புதம்", "அபாரம்" என்று சொல்லிக்கொண்டு சினிமாக்காரர்கள் திரிகிற பர்பேங்க் ஊரில், இப்படி ஒரு குணத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி ஐம்பத்தாறு வயது வரை பிழைத்துக் கிடந்ததே பெரிய விஷயம். அவள் பிழைத்த வழி அதைவிடப் பெரிய விஷயம். ஊரார் எழுதிய கதைகளுக்கெல்லாம் "வேண்டாம்" எழுதிக் கொடுத்துப் பிழைத்தாள்.

ஸ்டுடியோவுக்கு வந்து குவிகிற திரைக்கதைகளை முதலாளிகள் படிப்பதில்லை. அவர்களுக்காகப் படித்து, கதையை இரண்டு பக்கத்துக்குச் சுருக்கி, அடியில் "வேண்டாம்", "பார்க்கலாம்", "எடுங்கள்" என்ற மூன்றில் ஒன்றை எழுதித் தர ஆட்கள் உண்டு. மாவிஸ் அந்த வேலையில் இருந்தாள். "எடுங்கள்" என்று எழுதி, எடுத்து, படம் படுத்துவிட்டால் எழுதியவள் வேலை போகும். "வேண்டாம்" என்று எழுதியதற்காக அந்த ஊரில் இதுவரை ஒருவருக்கும் வேலை போனதில்லை. ஆகவே, சொந்தக் கதைக்கு இந்த ஊரில் மரியாதை இல்லை என்று சாப்பாட்டு மேஜைக்கு மேஜை பொருமுகிற மாவிஸ், காலையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய சொந்தக் கதைகளின் கழுத்தைத் திருகிப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த முரண்பாடு அவளுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். அவள் கோபத்தில் பாதி அதிலிருந்து வந்ததுதான்.

மீதிப் பாதி அவளுடைய சொந்தக் கதையிலிருந்து வந்தது.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஃப்ரெஸ்னோவில், அவளுடைய அப்பா எல்டன் கிராண்டல் இறந்துபோனார். அதாவது, அம்மா அப்படிச் சொன்னாள். ஓட்டல்களுக்குச் சலவைத் துணி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் வண்டியை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தியவர், அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். புருஷன் ஓடிப்போனான் என்று சர்ச்சில் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. நெவாடாவில் விபத்து என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அடக்கம் செய்யாமல் விட முடியுமா? மூடிய சவப்பெட்டி, மேலே கல்யாண போட்டோ, பாதிரியாரின் ஜெபம், எல்லாம் முறைப்படி நடந்தது. ஜெபத்தின் நடுவே மாவிஸ் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில், யாரிடமோ இரவல் வாங்கிய, காதுவரை இறங்குகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்று சைகை காட்டினார். அடக்கத்துக்குப் பிறகு நடந்த சாவு விருந்திலும் ஓரமாக நின்று பன்றித் தொடையும் உருளைக்கிழங்கு சாலட்டும் சாப்பிட்டார். ஊருக்கே அவரைத் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் அவரிடமே போய், "உங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு வருந்துகிறேன்" என்று கை குலுக்கிவிட்டு வந்தார்.

இதை மாவிஸ் திரைக்கதையாக எழுதினாள். எழுதி எழுதித் திருத்தி, பத்து வருஷத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஸ்டுடியோவில் சந்திப்பு என்றால் முதலில் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள். பிறகு கதை கேட்பார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள். ஒருவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார்கள். அந்த ஊரில் அதற்கு "இல்லை" என்று பொருள். போகும்போது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது எதை வச்சு எடுத்த கதை?"

எதையும் வைத்து எடுத்ததல்ல, என் தலைக்குள்ளிருந்து எடுத்தது என்பாள் மாவிஸ். உடனே அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும், ஏதோ வியாதியைச் சொல்லிவிட்டவளைப் பார்ப்பது போல. ஏற்கெனவே ஓடிய படத்தைத் திரும்ப எடுப்பது, திரும்ப எடுத்ததைத் திரும்ப எடுப்பது, அதில் வந்த வில்லனின் பால்ய காலத்தை எடுப்பது, பால்ய காலத்தில் அவன் வளர்த்த நாயைத் தனியாக எடுப்பது என்று ஊர் ஓடிக்கொண்டிருந்த சமயம். பழைய படம் தோற்ற படமாக இருந்தாலும் பரவாயில்லை. யாரோ ஒருவன் அதை ஒரு தடவை நம்பிக் காசு போட்டிருக்கிறான் அல்லவா, அது போதும். முதல் ஆளாக நம்புவதுதான் அங்கே யாராலும் முடியாத காரியம்.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் அவளுடைய ஏஜென்ட் இர்வ் கேபல் ஒரு சந்திப்பு வாங்கிக் கொடுத்தார். இர்வும் அவளும் சேர்ந்து கிழடானவர்கள். வேறு எந்த எழுத்தாளரும் அவரிடம் தங்கவில்லை. வேறு யாரும் அவளுக்கு ஏஜென்டாக இருக்கச் சம்மதிக்கவில்லை.

"இந்தப் பொண்ணு புதுசு. டெலேனி ஷ்ராம்னு பேரு. படிப்பு இருக்கு, பதவி இருக்கு, முடிவெடுக்கிற அதிகாரம் கூடக் கொஞ்சம் இருக்குன்னு பேசிக்கிறாங்க. போய் நல்லவிதமாப் பேசு தாயே. கடைசித் தடவை மாதிரி அந்தாளுகிட்ட, 'நீங்க படிக்கத் தெரியாதவரா, இல்லை படிக்காதவரா'ன்னு கேட்டு வைக்காதே."

"அது சந்தேகம், இர்வ். தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

ஜாகரண்டா பூ கொட்டிக் கார் கூரையெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்த ஒரு காலையில் மாவிஸ் போனாள். டெலேனிக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். செருப்பில்லாமல் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். கதையை முழுக்கக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாவிஸ், என்னை அழ வச்சுட்டீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. இது எதை வச்சு?"

மாவிஸின் குரல் தாழ்ந்தது. "ஒரு பழைய படத்தை வைத்து."

"அப்படியா!" டெலேனி காலைக் கீழே இறக்கினாள்.

"1957-இல் வெளிவந்தது. கறுப்பு வெள்ளை. 'இரவல் தொப்பி' என்று பெயர். உங்கள் வயதுக்காரர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை."

முழுப் பொய். வாயில் வந்த வருஷம், வாயில் வந்த பெயர். அந்தப் பெண்ணைக் குத்திக்காட்டத்தான் சொன்னாள். தெரியாது என்று அவள் விழிப்பாள், "இப்போது மட்டும் பிடிக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. ஆனால் மாவிஸ் தன் ஊரையே மறந்துபோனாள். ஒரு படத்தைப் பார்த்ததில்லை என்று சொல்வது அங்கே துணியில்லாமல் நடுத்தெருவில் நிற்பதற்குச் சமம். எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, அப்புறம் கழிப்பறைக்குள் போய்த் தேடிப் பார்ப்பதுதான் வழக்கம். டெலேனி அந்த வழக்கத்தில் ஒரு படி மேலே போனாள்.

"ஐயோ, 'இரவல் தொப்பி'யா? காலேஜ்ல போட்டுக் காட்டினாங்களே! அந்தக் கடைசி வரிசை ஷாட்! நான் ஏன் இதை யோசிக்கலை?"

எழுந்து போவதற்காக எடுத்த கைப்பையை மாவிஸ் திரும்பக் கீழே வைத்தாள்.

மறுநாள் மதியம் இர்வ் அவளைக் கூப்பிட்டார். குரலே வேறாக இருந்தது.

"மாவிஸ், என்ன மாயம் பண்ணினே? எடுக்கிறாங்களாம்! ஸ்டுடியோ தலைவர் வரைக்கும் போயாச்சு. அந்தப் படம்னா அவருக்கு உயிராம். சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்க அப்பாவோட டிவில பார்த்தாராம். அழுதுட்டாராம் மனுஷன்."

"இர்வ், அப்படி ஒரு படமே கிடையாது."

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "கிடையாதுன்னா? தொலைஞ்சு போச்சா?"

"எடுக்கவே இல்லை. நான் புளுகினேன்."

"அட," என்றார் இர்வ். கொஞ்சம் யோசித்தார். "எனக்குக் கூடப் பார்த்த ஞாபகமா இருக்கே."

"இர்வ்!"

"சரி, சரி. இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? படம் வரட்டும். உனக்கு வேண்டியது அதுதானே? வாயை மூடிக்கிட்டு இரு. உன்னால முடியும்னு எனக்குத் தோணலை, ஆனாலும் இரு."

அவள் இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்பதை அவளுக்காகச் சொல்லியாக வேண்டும். கதை படமாகிவிட்டால் எந்தக் கதவு வழியாகப் போனது என்று யார் கேட்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் "இரவல் தொப்பி" அவளைக் கேட்காமலேயே வளர்ந்தது. தலைவர் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தான் சினிமாவுக்கு வந்ததற்கே அந்தப் படம்தான் காரணம் என்றார். ஒரு டைரக்டர் அதன் ஒளிப்பதிவைப் புகழ்ந்தார். ஓய்வுபெற்ற நடிகர்களுக்கான இல்லத்திலிருந்து ஒரு முதியவர், பாதிரியார் வேஷம் தன்னுடையதுதான் என்றும், தன்னுடைய நல்ல காட்சிகளையெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்றும் குறைப்பட்டார்.

மாவிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆகஸ்டில் ஸ்டுடியோவின் வக்கீல் இலாகா வேலையைத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

ஒரு படத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் பழையது யாருடையது என்று முதலில் தேட வேண்டும். தேடினார்கள். யாருடையதாகவும் இல்லை. அந்த ஸ்டுடியோவோ, அறுபது வருஷமாக நொடித்துப்போன கம்பெனிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி விழுங்கிய ஸ்டுடியோ. வயிற்றுக்குள் என்னவெல்லாம் கிடக்கிறது என்று அதற்கே தெரியாது. வெளியே யாரிடமும் இல்லையென்றால் நம்மிடம்தான் இருக்க வேண்டும் என்று வக்கீல்கள் முடிவு கட்டினார்கள். படச்சுருள் எங்கே என்றால், பழைய கிடங்கு ஒன்று எரிந்ததே, அதில் போயிருக்கும்.

ஆக, "இரவல் தொப்பி" ஸ்டுடியோவின் சொத்தாயிற்று. தன் சொத்தை எழுத ஸ்டுடியோ யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம் அல்லவா? அங்கே இதற்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பழைய படத்தின் பெயரைச் சொல்லி ஆறேழு எழுத்தாளர்களைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் கூலியில்லாமல் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, தான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று நடித்தே காட்ட வேண்டும். ஒருவருக்கு வேலை கிடைக்கும். மற்றவர்கள் சொன்ன நல்ல யோசனைகளும் அவருக்கே கிடைக்கும்.

இர்வ் இதைச் சொல்ல நேரில் வந்தார். மக்னோலியா தெருவில் டயர் கடைக்குப் பின்னால் அவளுடைய வீடு. படியேறி வந்த மூச்சு வாங்க, கையில் இருந்த டோனட் பெட்டியை முதலில் நீட்டினார். கெட்ட செய்தி என்பது மாவிஸுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"உன்னையும் கூப்பிட்டிருக்காங்க," என்றார் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு. "போட்டியில நீயும் ஒரு ஆள்."

"என் கதையை நான் எப்படி எழுதுவேன் என்று போய்ச் சொல்ல வேண்டும்."

"அப்படிப் பார்க்காதே..."

"இன்னும் ஐந்து பேரோடு சேர்ந்து."

"ஆறு பேர். அதுல ஒருத்தன் நாய்ப் படம் எழுதினவன். இரு, இரு, அந்தத் தட்டைக் கீழே வை. ஒரு சின்னக் குறிப்பும் அனுப்பியிருக்காங்க. உன் திரைக்கதை மூலப்படத்தை விட்டு ரொம்ப விலகிப் போகுதாம். மூலப்படத்துல அப்பா நிஜமாவே செத்துப்போனவர்தானாம், கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறது ஆவியாம். டெலேனிக்கு நல்லா ஞாபகம் இருக்காம்."

மாவிஸ் தட்டைக் கீழே வைத்தாள். மெதுவாக, சத்தமில்லாமல் வைத்தாள். இர்வ் டோனட் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவர்களோடு ஒரு சந்திப்பு ஏற்பாடு செய்யுங்கள், இர்வ்."

"'செய்யுங்கள்'ங்கிறே. மரியாதையாப் பேச ஆரம்பிச்சுட்டே. வேண்டாம், மாவிஸ்."

சந்திப்பு நடந்தது. நீள மேஜை. ஒரு பக்கம் மாவிஸும் இர்வும். மறுபக்கம் டெலேனியும், வக்கீல் இமாடா என்பவரும். இமாடா மென்மையான மனிதர்; சட்டையின் கைப்பொத்தானைத் தடவிக்கொண்டே பேசுவார். எல்லோருக்கும் தண்ணீர் வந்தது.

மாவிஸ் சொல்ல வந்ததைச் சொன்னாள். அப்படி ஒரு படம் இல்லை, தான் இட்டுக்கட்டியது, கதை தன்னுடையது, தன் வீட்டில் நடந்தது.

டெலேனி சிரித்தாள். "மாவிஸ், நான் பார்த்திருக்கேன்."

"எதைப் பார்த்தீர்கள்?"

"படத்தை."

"யார் நடித்தார்கள்?"

"பேரெல்லாம்... அந்தக் காலத்து ஆளுங்க. ஆனா அந்தச் சாவு விருந்துல ஒரு கிழவர் வந்து அவர்கிட்டயே துக்கம் விசாரிப்பாரே, அதை மறக்கவே முடியாது."

"அது என் திரைக்கதையில் வருகிறது, அம்மா. ஜூன் மாதம் இதே கட்டடத்தில் நான் சொல்லக் கேட்டு நீங்கள் மூக்கைச் சிந்தினீர்கள்."

"அதுக்கு முன்னாடியே தெரியும். அதனாலதான் அழுதேன்." அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதில் பயங்கரம். மனதார நம்பினாள். கண்கூடத் தளும்பியது.

இமாடா தொண்டையைச் செருமினார். "மேடம், நீங்க சொல்றதை அப்படியே எடுத்துக்குவோம். படம் இருந்துச்சுன்னா அது எங்களோடது, உங்க எழுத்து அதுலருந்து வந்தது. நீங்களே உங்க வாயால சொன்னீங்க. படம் இல்லைன்னா, நீங்க எங்களை ஏமாத்தியிருக்கீங்க. எது உங்களுக்கு வசதி?"

"என் திரைக்கதையை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்திருக்கிறேன்."

"செய்திருக்கீங்க. 1957-க்கு அப்புறம்."

"அது 1977-இல் என் வீட்டில் நடந்தது! என் அப்பா எல்டன் கிராண்டல். ஃப்ரெஸ்னோவில் போய்க் கேளுங்கள்."

இமாடா கைப்பொத்தானை ஒரு சுற்றுச் சுற்றினார். "நடந்திருக்கலாம், மேடம். ஆனா யோசிச்சுப் பாருங்க. படம் வந்தது இருபது வருஷம் முன்னாடி. உங்க அம்மா டிவில அதைப் பார்த்துட்டு, அந்த யோசனையைப் பிடிச்சிருக்கலாம் இல்லையா?"

இர்வ் கண்ணை மூடிக்கொண்டார்.

மாவிஸ் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தாள். அவளுடைய அம்மா அடக்கம் நடந்த அன்றைக்குக் கறுப்பு கையுறையின் கிழிசல் தெரியாமல் கையை மடக்கி வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் புருஷன் உட்கார்ந்திருப்பது அவளுக்கும் தெரியும். திரும்பவேயில்லை. வெறும் பெட்டியைப் பார்த்து அழுதாள். அழுகை மட்டும் நிஜம். அந்த அழுகைக்கும் இப்போது ஒரு முதலாளி கிளம்பி வந்திருக்கிறான். இவர்களைக் கேட்டால் தன் அம்மா பட்ட அவமானம்கூட ஒரு ரீமேக். அப்பா இரவல் வாங்கியது தொப்பியை மட்டுமல்ல, ஓடிப்போனதையும் சேர்த்துத்தான் இவர்களிடமிருந்து இரவல் வாங்கியிருக்கிறார்.

"திரு. இமாடா," என்றாள். பக்கத்தில் இருந்த இர்வுக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு தாழ்ந்துவிட்டது குரல். "நான் ஏமாற்றுக்காரி. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். இங்கே மட்டுமல்ல, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கிழட்டு எழுத்தாளி வாயில் வந்ததைப் புளுகினாள், ஒரு ஸ்டுடியோவே அதைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னது என்று சொல்கிறேன். உங்கள் தலைவர் சினிமாவுக்கு வந்த காரணத்தை நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு நேரத்தில் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்கிறேன். கேஸ் போடுங்கள். கோர்ட்டில் படத்தைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். போட்டுக் காட்டுங்கள். நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்."

கைப்பொத்தானைத் தடவிய விரல் நின்றது. டெலேனி வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் தண்ணீரைக் குடித்தார்.

"அஞ்சு நிமிஷம் வெளியே இருக்கீங்களா, மேடம்?" என்றார்.

தாழ்வாரத்தில் இர்வ் அவள் காதருகே சொன்னார்: "முப்பது வருஷமா உன்கூட இருக்கேன். இன்னிக்குத்தான் உனக்கு நல்ல வசனம் எழுத வரும்னு தெரிஞ்சுது."

"இதையும் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள்."

முடிவு இப்படி வந்தது. கதை மாவிஸுக்கே திரும்பிப் போகும். ஸ்டுடியோ அதன் மேல் கை வைக்காது. "இரவல் தொப்பி" என்ற பெயரை அவள் விட்டுக்கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயருக்கு மக்களிடம் ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது. அப்படி ஒரு பழைய படம் இருந்ததில்லை என்று அவள் எந்தக் காலத்திலும் எவரிடமும் சொல்லக் கூடாது. மாவிஸ் கையெழுத்துப் போட்டாள். கதை கைக்கு வந்தால் போதும் என்றிருந்தது. வாசிக்கும் வேலை அந்த மாதமே போயிற்று. "வேண்டாம்" எழுதியதற்காக இல்லாமல் வேறு காரணத்துக்காகத்தான் போயிற்று என்பதால் ஊர் வழக்கம் ஒன்றும் கெடவில்லை. அக்கம்பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

ஒன்றரை வருஷம் கழித்து "இரவல் தொப்பி" வந்தது. படத்தில் அந்தத் தொப்பியைத் தலையில் வைத்தால் இறந்தவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். இரண்டு கார்கள் வெடித்தன, ஒரு நாய் இருந்தது. படம் சுமாராக ஓடியது. விமர்சகர்கள் மட்டும் கொதித்தார்கள். மூலப்படத்தில் இருந்த மௌனம் எங்கே, அந்த எளிமை எங்கே, ஒரு காவியத்தைக் கொன்றுவிட்டார்களே என்று எழுதினார்கள். மாவிஸ் அவற்றையெல்லாம் படித்தாள். தன் வாழ்நாளில் அவளுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாராட்டுகள் அவை. ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை.

அதற்குப் பிறகுதான் வெஸ் ஹாலிக் வந்தார். சாண்டா ஃபேயில் சின்ன அளவில் படம் எடுக்கிறவர், நல்ல மனிதர். அவளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். ஆலிவ் அவென்யூ பக்கத்தில் ஓர் உணவகம். நாலு பக்கமும் சினிமாக்காரர்கள் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள்.

"உங்க திரைக்கதை எனக்குச் சுத்திச் சுத்தி வந்து கைக்குக் கிடைச்சுது, மாவிஸ். ரெண்டு தடவை படிச்சேன். இதை நான் எடுக்கிறேன். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

பத்து வருஷத்துக்கு மேலாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள். மாவிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஸ்டுடியோக்காரங்க அந்தப் பழைய படத்தை நாசம் பண்ணிட்டாங்க," என்றார் வெஸ், ஆத்திரத்தோடு. "நீங்க மட்டும்தான் அதை மதிச்சு எழுதியிருக்கீங்க. 'மூலப்படத்துக்கு உண்மையான மறுபதிப்பு'ன்னு படத்தோட முதல் டைட்டில் கார்டிலேயே போடுவோம். காசு போடறவங்களுக்கும் அது பிடிச்சுப்போச்சு."

"என் பெயரை மட்டும் போடுங்கள். எழுதியது மாவிஸ் கிராண்டல். வேறு ஒன்றும் வேண்டாம்."

"உங்க பேர் நிச்சயமா வரும். ஆனா அந்த ஒரு வரி இல்லாமப் பணம் வராது. ஏன், அந்தப் படத்து மேல உங்களுக்கு மரியாதை இல்லையா?"

அவளால் பதில் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆனால் தன் வாழ்க்கையைச் சொல்லக் கூடாது என்று எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லையே? சொன்னாள். ஃப்ரெஸ்னோ, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடு, வெறும் பெட்டி, அம்மாவின் கிழிந்த கையுறை, கடைசி வரிசை, உதட்டில் வைத்த விரல். வெஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடித்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"கடவுளே," என்றார் மெல்ல. "அப்படியே அந்தப் படம் மாதிரியே இருக்கே."

மாவிஸ் எழுந்து நின்றாள். ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. உணவகத்தில் கரண்டிச் சத்தமெல்லாம் நின்றது.

"அப்படி ஒரு படம் கிடையாது! கேட்டுதா? கிடையவே கிடையாது! நான்தான் புளுகினேன்! எவனும் எடுக்கலை, எவனும் நடிக்கலை, உங்கள்ல ஒருத்தன்கூடப் பார்க்கலை! அது எங்க அப்பா! எங்க அம்மா! நான் எழுதினது!"

பக்கத்து மேஜையில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர், கையில் பாதி சாண்ட்விச்சோடு, இரக்கமாக அவளைப் பார்த்தார்.

"எந்தப் படத்தைச் சொல்றாங்க?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"'இரவல் தொப்பி'," என்றார் அவர். "நாம பார்த்திருக்கோமே, பசடீனாவில. பாவம், அதையே நினைச்சு நினைச்சு அந்தம்மாவுக்கு இப்படி ஆயிட்டுது போல."

ஒப்பந்தத்தை மீறியதற்கு ஸ்டுடியோ வழக்குப் போடும் என்று இர்வ் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தார். போடவில்லை. அவள் சொன்னதை ஒருவராவது நம்பியிருந்தால்தானே அவர்களுக்கு நஷ்டம்? வெஸ் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். ஒரே ஒரு வரிதானே என்று கெஞ்சினார். இரண்டு தடவையும் மாவிஸ் "வேண்டாம்" என்ற ஒரே பதிலைத்தான், மிகுந்த மரியாதையோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவளுடைய திரைக்கதை இன்றுவரை படமாகவில்லை. அது அவளுடையதாகவே இருக்கிறது.